டயலை ஏற்றும் முன் பிளேடைப் பாருங்கள்

டயல் வைத்த சேஃப்டி ரேசர் கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, ‘நமக்கு முரட்டு முடி’ என்று நேரே பெரிய நம்பருக்குத் தாவுவது. நானும் தாவினேன். 9 வரை இருந்த டயலில் 7 வைத்து இழுத்தேன்; பனியன் கழுத்தெல்லாம் ரத்தப் புள்ளி. டயலைத் திருப்பினால் பிளேடு கூர்மையாகாது. பிளேடுக்கும் அதன் கீழே இருக்கும் தடுப்புக்கும் நடுவே சந்து கூடும், அவ்வளவுதான். சந்து கூடினால் முடியும் நன்றாக மாட்டும், தோலும் மாட்டும்.

‘மச்சான் 4-ல வைக்கிறான்’ என்பதும் உதவாது. மெர்க்கூர் புரோகிரஸ் ரேசரில் டயல் 5 வரை, அதே கம்பெனியின் ஃபியூச்சரில் 6 வரை, பழைய ஜில்லெட் ஃபேட்பாயில் 9 வரை. ஒன்றின் 4 இன்னொன்றின் 4 இல்லை. உங்கள் ரேசரில் 1 அல்லது 2-ல் தொடங்கி, நாலைந்து ஷேவுக்கு ஒரு படி ஏற்றிப் பாருங்கள். அந்த நாட்களில் பிளேடு, சோப்பு இரண்டையும் மாற்றவே கூடாது. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எரிச்சல் எதனால் என்று எப்படித் தெரியும்?

பிளேடு மழுங்கி முடியைப் பிடித்து இழுக்கும்போது நம்பரை ஏற்றுவது அடுத்த தவறு. பிளேடைத் தூக்கிப் போடுங்கள். அழுத்துவதும் வேண்டாம், ரேசரின் எடையே போதும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை நிற்காது, கன்னத்திலேயே காய்ந்துவிடும். காய்ந்த தோலில் 2 கூட எரியும். பழி டயல் மேல் விழும். இப்போது குடத்திலிருந்து ஒரு சொம்பு மெட்ரோ வாட்டர் ஷேவிங்குக்கென்றே எடுத்து வைக்கிறேன். வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

அப்புறம் கழுத்து. எனக்கு அங்கே முடி பக்கவாட்டில் படுத்திருக்கிறது. தண்டையார்பேட்டை சலூன்கார அண்ணன் விரலால் தடவிக் காட்டும் வரை தெரியாது. மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, செட்டிங் சரியில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

கடைசியில் நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பேன். சுருக்கென்று எரிகிற இடத்தில் நம்பரோ கை அழுத்தமோ கூடிவிட்டது என்று அர்த்தம். அப்படிப் பார்த்துப் பார்த்து என் டயல் 3-ல் நின்றது. நாலு நாள் தாடி என்றால் மட்டும் 5, அதுவும் முதல் சுற்றுக்குத்தான்.