50 ஓம் தேடிய கதை

கும்பகோணத்தில் எங்கள் அரிசி ஆலையின் பழைய கணினியில் நெட்வொர்க்குக்கு பிஎன்சி போர்ட் (கோஆக்சியல் கேபிளைத் திருகி மாட்டும் வட்ட இணைப்பு) மட்டுமே இருந்ததால், அதன் கோப்புகளை எடுப்பதற்காக, பிஎன்சியும் இன்றைய நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே-45-உம் கொண்ட பழைய ஹப் (கணினிகளை இணைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி, சிசிடிவி கடையில் கிடைத்த கேபிளையும் டெர்மினேட்டர்களையும் (கேபிளின் இரு முனைகளிலும் மாட்டும், ரெசிஸ்டர் உள்ள மூடிகள்) கொண்டு கணினியையும் ஹப்பையும் இணைத்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அந்தப் பொருத்தம்தான் என்னை ஏமாற்றியது. தகவல் பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. கணினியை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் அளந்தபோது ஏறத்தாழ 37 ஓம் காட்டியது. இந்தப் பழைய நெட்வொர்க்குக்குத் தேவையான 50 ஓம் இரு முனைகளிலும் இருந்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து 25 அல்லவா காட்ட வேண்டும்? கேமராவுக்கான கேபிளும் டெர்மினேட்டர்களும் 75 ஓம் வகை; அதில் பாதிதான் அந்த 37. வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடம் 50 ஓம் வகையான ஆர்ஜி-58 கேபிளை வாங்கி, இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை இணையாகப் பற்றவைத்து ஒவ்வொரு பிளக்கினுள்ளும் அடைத்து, இரு முனைகளின் டீ (T வடிவ) இணைப்பிகளிலும் மாட்டினேன். மீட்டர் 25 காட்டியது. நெல் கொள்முதல் கணக்கு முழுவதும் அன்று மாலையே வந்து சேர்ந்தது.