ஒன்கோல் (கூப்பிட்டால் வர வேண்டிய கடமை) இரவைக் குறைந்த சேதத்தோடு கடப்பது: விடுதி வைத்தியர்களுக்கு

வேலையால் வரும் உளச்சோர்வை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி 11 ஒரு நோயாகக் கணக்கெடுப்பதில்லை. கவனிக்காமல் விட்ட நாட்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றே அது சொல்கிறது. அதனால் யோகா வகுப்பைத் தேடுவதற்கு முன்பு ரோஸ்டரை, அதாவது கடமைப் பட்டியலை, திருத்துங்கள்.

முதல் இரண்டு கிழமைக்கு, இரவில் வந்த ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் காரணத்தையும் குறியுங்கள். கனூலா (நாளத்தில் ஏற்றிய சிறு குழாய்) கழன்றது, சேலைன் எழுதவில்லை, காய்ச்சலுக்கு மருந்து எழுதவில்லை என்பவை திரும்பத் திரும்ப வந்தால், அவற்றை இரவு ஒன்பதரைக்கே முடித்துவிடலாம். இரவுத் தாதியோடு ஒரு சுற்று வாருங்கள். விடியும்வரை தேவையான சேலைனை எழுதுங்கள், சந்தேகமான கனூலாவை மாற்றுங்கள், நோவுக்கும் காய்ச்சலுக்குமான மருந்தை அளவோடு எழுதிவையுங்கள். கடும் நோயாளியின் அட்டையில் எந்த அளவில் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கட்டும்: ‘மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழ் போனால்’ என்பது போல.

‘சும்மா எழுப்பாதீங்கோ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயந்த தாதி பிந்திக் கூப்பிடுவார், ஆபத்து அங்கேதான். யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு டெங்கு கூடும்போது இந்த வழி போதாது. திரவக் கசிவுக் கட்டத்தில் (இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியும் ஆபத்தான கட்டம்) இருப்பவரை மணிக்கு மணி பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு வைத்தியர் தேவை. உங்கள் குறிப்பேட்டைக் காட்டி விசேட நிபுணரிடம் கேளுங்கள்; கணக்கோடு கேட்டால் மறுப்பது கடினம்.

இடைவெளி கிடைத்தால் 20 நிமிடம் படுங்கள். முக்கால் மணித்தியாலம் ஆழ்ந்து தூங்கி எழுந்தால் சிறிது நேரம் தலை வேலை செய்யாது. கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். காலை ஒன்பதுக்குத் தூங்க வேண்டுமென்றால் அதிகாலை மூன்றுக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் கவனம் போல் குறைந்துவிடும். அந்த நிலையில் பருத்தித்துறைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது தூங்கிவிட்டுப் போங்கள்.

ஒன்கோலுக்கு அடுத்த பின்னேரம் தனியார் கிளினிக் வேண்டாம். அந்த நாளுக்கு நம்பர் கொடுக்க வேண்டாமென்று மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள்; அன்று காலையில் முடிவெடுத்தால் காத்திருப்பவர்களை நினைத்து நிச்சயம் போய்விடுவீர்கள்.

லீவு நாளிலும் மனம் தெளியாமல் இரண்டு கிழமை போனால், தூக்க மாத்திரையை நீங்களே எழுதத் தொடங்கினால், அது வெறும் வேலைக் களைப்பு அல்ல. மனநல வைத்தியரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்டுவிடுவார் என்ற தயக்கம் இந்தச் சிறிய ஊரில் இயல்புதான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.