பூட்டிய வீட்டில் பைப் ஒழுகினால்? லீக் சென்சார் வைக்கும் முறை

அபார்ட்மெண்ட் வீட்டுக்கு லீக் சென்சார் வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் வால்வைப் போய்ப் பாருங்கள். தரையில் தண்ணீர் பட்டால் சென்சார் கத்தும், போனுக்குத் தகவல் அனுப்பும், அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்த ஒரு கையோ ஒரு மோட்டாரோ வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டுக்குள் வரும் ஒரே மெயின் பைப்பில் ஸ்மார்ட் வால்வை மாட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். சென்னை மாதிரி ஊர்களில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் கதை வேறு, மொட்டைமாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று என்று தனித்தனி லைன் இறங்கும். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கிறது என்று மூடிப் பார்த்து, அதன் பக்கத்திலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். சுற்றிச் சுற்றி மூடுகிற பழைய கேட் வால்வு உப்புப் படிந்து இறுகியிருந்தால், கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் மூடும் பால் வால்வாக மாற்றச் சொல்லுங்கள். ஸ்மார்ட் சமாச்சாரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சரி, எங்கே ஒழுகும்? வாட்டர் பியூரிஃபையரின் மெல்லிய டியூப் சொருகுமிடம், வாஷிங் மெஷினுக்குப் போகும் இன்லெட் பைப், சிங்க் அடியில் இருக்கும் கனெக்ஷன் பைப், கீசர். இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஹெல்த் ஃபாசெட்டுக்குத்தான், அதாவது டாய்லெட்டில் கையில் பிடித்து அடிக்கும் ஸ்ப்ரேக்கு. கைப்பிடியில்தான் தண்ணீரை நிறுத்துகிறோம், அதனால் சுவரில் ஹோஸ் மாட்டியிருக்கும் குட்டி வால்வான ஆங்கிள் காக் திறந்திருக்கும்வரை அந்த ஹோஸ் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தத்திலேயே கிடக்கிறது. நட்டுக்குப் பக்கத்தில் மேலுறையில் துருப்புள்ளி தெரிந்தாலோ, ஹோஸ் லேசாகப் புடைத்திருந்தாலோ, அன்றைக்கே மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போவதற்கு எந்த ஆப்பும் தேவையில்லை.

சென்சாரின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் சின்ன மின்னோட்டம் பாய்ந்து அலாரம் அடிக்கும். ஆகவே தரையில் தண்ணீர் வந்து சேரும் பள்ளத்தில் அது உட்கார வேண்டும். கொஞ்சம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள், கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரை ஏமாற்றிவிடும். பாத்ரூமுக்குள் வைத்தால் குளிக்கும்போதெல்லாம் கத்தும். வாசற்படிக்கு வெளியே வைத்தால் போதும். ஏசிக்கு அடியிலும் ஒன்று வைக்கிறீர்களா? ஏசி தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, சில சென்சார்கள் அதைச் சட்டென்று உணராது, அதனால் அங்கே வைப்பதை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை விட்டே சோதியுங்கள்.

ஒன்றிரண்டு இடம்தான் என்றால் வைஃபை சென்சார் போதும். நாலைந்து இடம் என்றால் ஹப்புடன் (எல்லாச் சென்சாரையும் இணையத்தோடு இணைக்கும் குட்டிப் பெட்டி) வரும் ஜிக்பீ வகை நல்லது, அது குறைந்த மின்சாரத்தில் பேசும் வயர்லெஸ் முறை, பேட்டரி நீண்ட நாள் வரும். எதை வாங்கினாலும் சென்சாரிலேயே சைரன் இருக்கட்டும். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், எனவே ரவுட்டர், ஹப் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இன்னொன்று, நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது தகவல் உங்களுக்கு மட்டும் வந்து என்ன பயன்? சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ ஆப்பில் சேர்த்துவிடுங்கள், வால்வு எங்கே என்றும் காட்டிவிடுங்கள்.

தானாக மூட வேண்டுமென்றால், இருக்கிற பால் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் மோட்டார் கிளாம்ப் கிடைக்கிறது, பைப்பை வெட்ட வேண்டாம். மின்காந்தத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள், அதில் பல வகைகள் ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும், மேல்மாடி வீட்டில் டேங்க் தண்ணீருக்கு அந்த அழுத்தம் இருக்காது. எல்லா லைனுக்கும் போட்டால் செலவு எகிறும். பியூரிஃபையரும் வாஷிங் மெஷினும் இருக்கும் லைனுக்கு மட்டும் போதும் என்பது என் கணக்கு. மாதம் ஒருமுறை மூடித் திறக்கவிடுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் இறுகிவிடும். அப்படியே ஈரத்துணியால் சென்சார்களையும் தொட்டுப் பாருங்கள்.

டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் நடக்கும் கசிவை இந்தச் சென்சார் எதுவும் கண்டுபிடிக்காது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர், அதாவது ஒரு வாட்டர் கேன். தண்ணீர் மீட்டர் இருந்தால் இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ரீடிங்கைப் போட்டோ எடுத்து, காலையில் தண்ணீர் திறக்கும் முன் ஒப்பிடுங்கள். பிரஷர் பம்ப் உள்ள தனி வீடு என்றால் இன்னும் சுலபம்: யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் அடிக்கடி ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாகப் பிடிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் சீலிங் ஊறுகிறது என்று வந்து நின்றால் உடனே டைல்ஸை உடைக்க ஆள் கூப்பிடாதீர்கள். உங்கள் பாத்ரூமை ஓரிரு நாள் பயன்படுத்தாமல், லைன் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் சப்ளை பைப்பைச் சந்தேகப்படலாம். நின்றுபோய், குளித்தால் மட்டும் சொட்டினால் டிரெயின் பைப்போ, தரையின் வாட்டர் ப்ரூஃபிங்கோ போயிருக்கும்.