வீட்டுக்குள் தக்காளி பூத்தும் காய்க்கவில்லையா?

பழைய எலெக்ட்ரிக் டூத்பிரஷ் ஒன்றை ஓடவிட்டு, அதன் பின்பக்கத்தைப் பூங்கொத்தின் காம்பில் இரண்டு மூன்று விநாடி லேசாக ஒட்டிப் பிடியுங்கள். பூவைத் தொட வேண்டாம், காம்பு அதிர்ந்தால் போதும்.

தக்காளிப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டுமே உண்டு. ஆனால் மகரந்தம் நடுவிலுள்ள மஞ்சள் கூம்புக்குள் அடைந்து கிடக்கும். குலுங்கினால்தான் நன்றாக உதிரும். வெளியே காற்றும் தேனீ வகைகளும் பார்க்கும் வேலை இது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய வீட்டில் யார் செய்வது?

இதழ்கள் பின்னோக்கி மடங்கிய பூக்களாகப் பார்த்து, நண்பகல் வாக்கில் செய்யுங்கள். காலை ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அடியில் கறுப்புக் காகிதம் பிடித்தால் வெளிர்மஞ்சள் தூள் விழுவது தெரியும். விழவில்லையா, மறுநாள் பார்க்கலாம். மிளகாய், கத்தரிக்கும் இதே வழிதான். டூத்பிரஷ் இல்லையென்றால் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், கொஞ்சம் குறைவாகக் காய்க்கும், அவ்வளவுதான்.

பூசணி, சுரைக்காய் வகைகளுக்கு இது உதவாது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக்கு மெல்லிய தூரிகை. கீரை, லெட்யூஸுக்கு எதுவுமே வேண்டாம். அப்புறம், இரவில் அறை வெப்பம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மகரந்தமே சரியாக உருவாகாது. அங்கே எவ்வளவு அதிரவைத்தும் பயனில்லை, முதலில் செடியைக் கதகதப்பான இடத்துக்கு மாற்றுங்கள்.