மீடியாஸ்டினம் அகலமா? முதலில் படம் எடுத்த விதத்தைப் பாருங்கள்

மீடியாஸ்டினம் என்பது இரு நுரையீரலுக்கும் நடுவில் இதயமும் பெருந்தமனியும் இருக்கும் பகுதி. விபத்தில் அடிபட்டவருக்கு அது அகலமாகத் தெரிந்தால் பெருந்தமனி கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரியோடு மோதி வருபவரை நிற்க வைத்து எக்ஸ்-ரே எடுக்க முடியாது. படுக்கையிலேயே போர்ட்டபிள்தான். கதிர் முன்னாலிருந்து வரும், ஃபிலிம் முதுகுக்கடியில் இருக்கும். எக்ஸ்-ரே டியூப் 180 செ.மீ.க்குப் பதில் 100 செ.மீ. தூரத்தில் நிற்கும். இதயமும் பெருந்தமனியும் பெருத்துத்தான் தெரியும். மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் இன்னும் அகலம். அதனால் மீடியாஸ்டினம் 8 செ.மீ. தாண்டிவிட்டது என்று ஸ்கேலை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதக்கூடாது. உதரவிதானத்துக்கு மேல் 9, 10 பின்விலா தெரிகிறதா, இரு காறை எலும்பின் உள்முனைகளும் முதுகெலும்பின் முள்ளிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உடம்பு சற்றுத் திரும்பியிருந்தாலே படம் ஏமாற்றும்.

இதற்கு நேர்மாறான தவறுதான் உயிரை வாங்குவது: "படுத்து எடுத்த படம்தானே" என்று ஒதுக்கிவிடுவது. பெருந்தமனி வளைவின் விளிம்பு மங்கியிருந்தால், இடது நுரையீரல் உச்சியில் தொப்பி போல வெள்ளை படிந்திருந்தால், மூச்சுக்குழலோ ரைல்ஸ் டியூபோ (மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாய்) வலப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் சிடி ஆஞ்சியோவை (மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) தள்ளிப் போடாதீர்கள். மோதிய வேகம் அதிகமென்றால், படம் சுத்தமாக இருந்தாலும் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

அடிபடாதவரிடமும் இதே கதைதான். திடீரென்று கிழிப்பது போல நெஞ்சு, முதுகு வலி என்று வந்தால், படம் நார்மலாக இருந்தாலும் பெருந்தமனிச் சுவர் பிளந்திருக்கலாம். இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவில் 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டால் திரும்பப் பெற வழியில்லை.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, மீடியாஸ்டினத்தில் உள்ள தைமஸ் சுரப்பி பெரிதாகத் தெரிவது இயல்பு. மூச்சுக்குழலை நெருக்காதவரை பயம் வேண்டாம்.

வடசென்னையில் காய்ச்சல், எடை குறைவு, மீடியாஸ்டினத்தில் நெறிக்கட்டி என்றாலே டி.பி. என்று எழுதி ஓட்டேரி டி.பி. மருத்துவமனைக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இளவயதினரிடம் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும். திசு எடுக்காமல் மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வழியில்லை, ஒரு துண்டைச் சலைனில் தனியாக அனுப்புங்கள். கட்டி ரத்தக்குழாயை அழுத்துவதால் வரும் முகவீக்கத்துக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்ஃபோமா கட்டி சுருங்கி, பயாப்ஸியில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். கட்டி பெரிதாகி, மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டுகிறது என்பவரை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லாமல் சிடி மேசையில் படுக்க வைக்காதீர்கள்.