மீன் வடிவ மை அரைக்கும் பலகை: நக்காடா முறையில் செய்வது எப்படி?

எகிப்தில் அரச வம்சங்கள் தோன்றுவதற்கு முன், ஏறத்தாழ கி.மு. 4000 முதல் 3000 வரை நிலவிய நக்காடா பண்பாட்டு மக்கள், கண்ணில் தீட்டும் பச்சை மைக்காக மலக்கைட் கனிமத்தை அரைத்த கற்பலகைகளை மீன், ஆமை, நீர்யானை, பறவை வடிவங்களில் செதுக்கினர். இறந்தவர்களோடு அவற்றைப் புதைக்கவும் செய்தனர். புதியவர்களுக்கு ஏற்றது நைல் நதியின் திலாப்பியா மீன் வடிவமே. ஆமையின் கால்கள் எளிதில் முறிந்துவிடும்.

முதலில் கல். மூலப் பலகைகள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலுள்ள வாடி ஹம்மாமாத் பகுதியின் சாம்பல் பச்சை வண்டற்கல்லால் ஆனவை. நமக்கு 1 செ.மீ. தடிப்புள்ள சிலேட் தரை ஓடு போதும்.

அடுத்து, வெட்டுவதற்கு முன்பே துளையிடுங்கள். முதுகுத் துடுப்பின் அருகே வரும் இந்தத் தொங்கவிடும் துளைதான் பலருடைய கல்லையும் பாழாக்குகிறது. சிலேட் அடுக்கடுக்கான கல் என்பதால், ஒரே பக்கமிருந்து துளைத்தால் துளைப்பான் வெளியேறும் இடத்தில் ஓர் அடுக்கு அப்படியே பெயர்ந்துவிடும். ஆகவே ஓட்டின் விளிம்புகளிலிருந்து அளந்து இரு முகங்களிலும் புள்ளி குறித்து, அடியில் மரப்பலகை வைத்து, நீர் சொட்டவிட்டபடி பாதி ஆழம் துளைத்து, கல்லைத் திருப்பி மறுபாதியைத் துளையுங்கள். நடுவில் குறுகலாக இருந்தால் உருட்டு அரத்தால் அகலப்படுத்தலாம். மின்துளைப்பானைவிடக் கைத்துளைப்பானையே பரிந்துரைப்பேன்; கல் விட்டுக்கொடுப்பதைக் கை உடனே உணரும்.

பிறகு வடிவத்தை வரைந்து, ரம்பத்தால் வெட்டி, அரத்தால் தேயுங்கள். கற்றூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். மீனே கடினமாகத் தோன்றினால், அதற்கும் முந்தைய நக்காடா வடிவமான சாய்சதுரத்தில் தொடங்கலாம். எகிப்தின் தொடக்ககால மன்னரான நார்மரின் பெயரால் வழங்கும், 64 செ.மீ. உயரமுள்ள புகழ்பெற்ற நார்மர் பலகையும் இந்த மரபின் பிற்கால வாரிசுதான்.

கண்ணுக்குச் சிறு குழி தோண்டி, வட்டமாகத் தேய்த்த கிளிஞ்சல் துண்டைப் பசையால் பதியுங்கள். அரைக்கும் முகத்தை 400 ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல் மெருகேற்றினால் நிறப்பொடி பிடிக்காமல் வழுக்கும்.

அவர்கள் பழுப்புநிற ஜாஸ்பர் கூழாங்கல்லால் அரைத்தனர். வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கல்லும் காவிக் கட்டியும் சோதனைக்குப் போதும். அவர்கள் பயன்படுத்திய மற்றொரு கனிமமான கலீனா ஈயத்தாது. அதை அரைக்கவும் வேண்டாம், கண்ணில் இடவும் வேண்டாம்.

பின்சேர்க்கை: வால் இணையும் இடத்தில் கல் உடைவதாகச் சிலர் எழுதியிருந்தனர். அந்த இடத்தை 3 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் விட்டு, அரத்தை முகத்திலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளாமல், விளிம்பிலிருந்து உள்நோக்கியே தள்ளுங்கள்.