வெள்ளைத்தாள் பயம் போன விதம்

சிறுவர் படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சில் ஒரு பெரிய தாளை 16 பக்கம் வரும்படி மடிப்பதால் அந்தக் கணக்கு. முதல் பக்கத்தையே முழுசாக வரைய உட்கார்ந்தால் எனக்குக் கை நகராது, வேலை நாள்கணக்கில் தள்ளிப்போகும்.

இப்போது ஒரே ஏ4 தாளில் 32 பக்கத்தையும் தபால்தலை அளவுக் கட்டங்களாகக் கிறுக்கிவிடுகிறேன். அந்த அளவில் முகமோ விரலோ வரைய முடியாது. யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம், அவ்வளவுதான். ரப்பர் கிட்டவே இருக்காது. ஒரு கட்டத்தைப் பாதியில் விட்டே எழுந்திருப்பேன். மறுநாள் தொடங்க அது பெரிய உதவி.

வாய்ப்புக்குக் காத்திராமல், பாட்டி சொன்ன கதை ஒன்றுக்கு நானே இப்படிக் கிறுக்கி, பிறகு முழுப் படங்களாக வரைந்தேன். ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் சாயல் மாறாமல் வருகிறதா என்று பதிப்பாளர்கள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். அந்த வரிசையைக் காட்டித்தான் முதல் வேலை கிடைத்தது.